லேசில் ஒடியாது

எங்கள் பட்டறையில் யாரும் ஸ்டீயரிங்கைத் திருப்பு என்று சொல்ல மாட்டோம். ஒடி என்போம். தாராவிச் சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது, “இடது பக்கம் ஒடி, இன்னும் ஒடி, முழுசா ஒடி” என்று நாங்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தோல் கிடங்குக்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக், டிரைவர் எல்லோருக்கும் இதே பேச்சுதான். ஒடிவது என்றால் முறிவது என்றும் ஓர் அர்த்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாமலா? முருங்கைக் கிளை ஒடியும், கை ஒடியும். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்த அர்த்தம் ஞாபகத்துக்கு வராது. எனக்கு ஒரே ஒருநாள் வந்தது. வந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை வயசுக்கப்புறமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்துநாலு வயது. தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கைவேலை சுத்தமாக இருக்கும், அந்தத் திமிரும் இருக்கும். ஆனால் மழைக்காலம் வந்து வேலை குறைந்தால் முதலாளி காலையில் வாசலிலேயே நிறுத்தி, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடுவார். ஊரில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, பையனுக்குப் பர்மனன்ட் வேலை ஆனால் தேதி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பர்மனன்ட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

அந்தச் சமயத்தில்தான் மாதுங்காவிலிருந்து டிராஃப்ட்ஸ்மேன் சார் பட்டறைக்கு வந்தார். ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பாக்கெட்டில் நாலு பென்சில். அவர் கொண்டுவந்த படத்தை விரித்தபோது நான் அசந்துபோனேன். கையால் எழுதியது என்று சொன்னால் ஒருத்தனும் நம்ப மாட்டான், ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்தது மாதிரி. எங்கள் முதலாளிகூட கையைத் துடைத்துவிட்டுத்தான் அந்தத் தாளைத் தொட்டார்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. அவர் ஆபீஸில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டிகளில் வரவழைத்தது. சட்டமும் மேல்கூடும் பெட்டியில் வரும், எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் ஏதாவது பழைய காரிலிருந்து கழற்றி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கிட் கார் என்று பெயர். அதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது பாதியில் விட்டுவிட்டுப் போனதை இவர் எடுத்துக்கொண்டார். மாதுங்கா ஃபிளாட்டில் எங்கே இடம்? செம்பூரில் மைத்துனர் வீட்டுக் காம்பவுண்டில் போட்டு, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் பூட்டியிருக்கிறார். வண்டி ஓடியது. ஆனால் ஒரு முனை திரும்புவதற்கு ஸ்டீயரிங்கைச் சுற்று சுற்று என்று சுற்ற வேண்டியிருந்தது. இது கார் ஓட்டுகிற மாதிரி இல்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்சம் அசைத்தாலே சட்டென்று திரும்ப வேண்டும் அவருக்கு.

அதற்கு வழியையும் அவரே படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முன் சக்கரத்தோடு சேர்ந்து கை மாதிரி ஓர் இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கிலிருந்து வருகிற கம்பி அதன் நுனியைத் தள்ளித்தான் சக்கரத்தைத் திருப்பும். அந்தக் கையைக் குட்டையாகச் செய்துவிட்டால் கொஞ்சம் சுற்றினாலே சக்கரம் நிறையத் திரும்பிவிடும். கணக்கு சரிதான். ஆனால் படத்தில் வராத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ஸ்டீயரிங் கனத்துவிடும். இரண்டாவது, சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி முழுக்க நேரே ஓட்டுகிறவன் கைக்கு வந்து சேரும். லாரிக்காரர்களோடு பழகினவன் நான், எனக்கு இது தெரியும்.

தெரிந்தேதான் செய்தேன். இரண்டு முன் சக்கரத்துக்குமான துண்டுகளைக் கொல்லனிடம் கொடுத்து அடித்து வாங்கி, லேத்தில் கடைந்து, துளை போட்டு, படத்தில் இருந்த அளவுக்கு மயிரிழை பிசகாமல் முடித்தேன். சார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலையை அப்படி ஒருத்தர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. செம்பூரில் ஒரு ஃபேக்டரியில் தனக்குத் தெரிந்த அதிகாரி இருக்கிறார், உன்னைப் பற்றி ஒரு லெட்டர் எழுதித் தருகிறேன், பர்மனன்ட் வேலைதான் என்று சொன்னதும் அப்போதுதான்.

அடுத்த ஞாயிறு காலை செம்பூருக்குப் போய்ப் பூட்டினேன். சாரின் மனைவியும் வந்திருந்தார். சார் சோப்புத் தேட உள்ளே போன நேரத்தில் அந்த அம்மா என்னிடம் வந்து, இவருக்கு இது பைத்தியம், எங்களுக்கு அவர் கையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை, ஆபத்து ஒன்றும் வந்துவிடாதே என்று மெதுவாகக் கேட்டார். நான் இருக்கும்போது என்ன கவலை என்று பெரிய பிஸ்தா மாதிரி சொன்னேன்.

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக் காம்பவுண்டில் ஒரு சுற்று வந்தேன். கொய்யா மரத்தடியில் கிடந்த செங்கல்லில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றி, அதன் வட்டத்துக்குள் இருக்கும் குறுக்குக் கம்பி வலது கட்டைவிரல் அடியில் ஓங்கி ஒரு போடு போட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. இறங்கி, விரலை உதறிக்கொண்டு நின்றேன்.

சார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எப்படியிருக்கு, தைரியமாக ஓட்டலாமா என்று கேட்டார்.

“லேசில ஒடியாது சார், பாத்துக்கிடுங்க” என்றேன்.

சத்தியமாக எச்சரிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். இனிமேல் ஸ்டீயரிங் லேசில் திரும்பாது, கனக்கும் என்று அதற்கு அர்த்தம். அடுத்த வாக்கியமும் வாய்க்குள் தயாராக இருந்தது: பள்ளத்தில் திருப்பி அடிக்கும், கட்டைவிரலை உள்ளே கொடுத்துப் பிடிக்காதீர்கள் என்று. ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அதுதாம்ப்பா எனக்கு வேணும்” என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்: “கேட்டியா? நாலு நாளா ஒடிஞ்சா என்ன ஆறதுன்னு பயந்தியே. ஒடியாதாம்.”

அந்த நொடியில்தான் அந்த இன்னோர் அர்த்தம் எனக்கு உறைத்தது. நான் செய்த இரும்பு முறியாது என்று உத்தரவாதம் கொடுத்ததாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மாதுங்காக்காரர்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்க மாட்டார்கள், திருப்புவார்கள். ஐயோ, அது இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஆனால் அவர் அதே மூச்சில், லெட்டரை இந்த வாரமே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். படம் அவருடையது. அவர் படத்திலேயே குறை இருக்கிறது என்று மனைவி முன்னால் சொன்னால் முகம் சுருங்காதா? லெட்டர் என்ன ஆகும்? அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். வீங்க ஆரம்பித்த கையை மறைத்து வைத்திருந்தும், இடது கையால் வாங்குவது மரியாதையில்லையே என்று அதே வலது கையாலேயே வாங்கிக் குடித்தேன். மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மூன்று வாரம் ஆயிற்று. லெட்டர் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரியம் ஆகிறவரைக்கும் அப்பா, ஐயா என்பார்கள், பிறகு நம்மை எவன் கண்டுகொள்வான் என்று என்னோடு அறையில் தங்கியிருந்தவர்களிடம் வாய் கிழியப் பேசினேன். அவரை நான் ஏசியதையெல்லாம் எழுத முடியாது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வருவது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு மாதுங்காவுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மா. உள்ளே சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. கட்டைவிரல் தனியாக, கட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். செம்பூரில் ரோட்டில் ஒரு கட்டாவில் முன் சக்கரம் இறங்கியதாம். பம்பாயில் நாங்கள் பள்ளத்தைக் கட்டா என்றுதான் சொல்வோம். ஸ்டீயரிங் சுற்றி அடித்ததில் கட்டைவிரலும் மணிக்கட்டும் போய்விட்டன. எலும்பு சேர்ந்தாலும் விரல் முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆபீஸில் இப்போதைக்கு ஃபைல் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், பிறகு என்ன செய்வார்களோ தெரியவில்லை என்றார். மேஜையில் பென்சில்கள் எல்லாம் சீவி வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்படித் திருப்பி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சார் முந்திக்கொண்டார். “அவனை ஏன் கேக்கறே? அவன் ஒடியாதுன்னு சொன்னான். போய்ப் பார், இன்னிக்கும் ஒடியலை. படம் போட்டவன் நான். தப்பு என்னோடது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

லெட்டர் தாமதமானதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாராம், இப்போதுதான் ஓரளவு வருகிறது என்று இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை செம்பூர் ஃபேக்டரியில் அந்த அதிகாரி அதைப் பிரித்தார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் தாளின் பின்பக்கம் வழியாகவே எழுத்துகள் தெரிந்தன, பெரிசும் சின்னதுமாக, வரிசை தப்பி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. நல்லா எழுதியிருக்கார், இந்த ஆள் ஒரு சாமானைச் செய்து ஒடியாது என்று சொன்னால் ஒடியாது, வாக்கை நம்பலாம் என்று போட்டிருக்கிறார் என்று அதிகாரி எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “என்னய்யா இது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னாரா?” என்று சிரித்தார்.

வேலை அவர் கையில் இருந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.