சொந்தமாக ஒரு கஷ்டம்

ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதுதான் பெரிய குறை என்று ஆறாம் வகுப்பில் தெரிந்தது.

தெரியவைத்தது ஒரு புத்தகம். பள்ளி விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்ததற்குக் கொடுத்தார்கள். ஓடினதற்கு எதற்குப் புத்தகம், ஒரு சோப்பு டப்பா கொடுத்திருந்தாலாவது உபயோகமாக இருந்திருக்கும் என்றார் மாமா. அது முழுக்கச் சிறுவயதில் கஷ்டப்பட்டுப் பின்னால் பெரிய ஆளானவர்களின் கதைகள். ஒருவன் தெருவிளக்கில் படிப்பான். ஒருவன் புத்தகப் பையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திப் பள்ளிக்கூடம் போவான். ஒருவனுக்கு மூன்று வேளையும் கஞ்சி, அதிலும் உப்பு இருக்காது. எல்லாருமே பையன்கள்தான். பெண்பிள்ளைகளுக்குக் கஷ்டமே கிடையாது என்று எழுதினவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் கட்டம் கட்டி நீதி போட்டிருக்கும். எதைப் படித்தாலும் நீதி ஒன்றுதான்: கஷ்டப்பட்டவன் உயர்வான்.

உடனே எங்கள் வீட்டில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நாங்கள் நெல்லித்தோப்பில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டில் ஃபேன் இருந்தது, டிவி இருந்தது, வாசலுக்குப் பள்ளி வேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ரொட்டி சுடுகிற கிடங்குக்குப் போய்ச் சூடு ஆறாத நீள ரொட்டி வாங்கி வருவார். அதைப் பிய்த்துக் கறிக்குழம்பில் தோய்த்துத் தின்போம். சரி, நீந்தியாவது பள்ளிக்கூடம் போகலாமென்றால் ஊருக்குள் இருந்தது உப்பனாறு வாய்க்கால். அதில் இறங்கினால் உயர்வது எங்கே, ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். இப்படியே சொகுசாக வளர்ந்தால் நான் உருப்படமாட்டேன் என்பது உறுதியாகிவிட்டது. தானாக வராத கஷ்டத்தை நாமாகத் தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

முதலில் வேனை விட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது, இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகப்போவதாக அறிவித்தேன். புத்தகத்தில் இந்த இடத்தில் தாய் அழவேண்டும், மகன் கண்ணீரைத் துடைத்து உறுதியாக நிற்கவேண்டும். நான் உறுதியாக நிற்பதற்குத் தயாராக இருந்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

"நடக்கிறியா? சரி, நட. ஒடம்புக்கு நல்லதுதான்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அப்போதே வேன்கார அண்ணனுக்கு போனும் போட்டுச் சொல்லிவிட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கக் கூடாதா?

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களை எதற்குக் காக்கவைக்க வேண்டும்? அப்பா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையைக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் இழுத்து மூடியிருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எனக்குச் சொல்லவில்லை, தெருவுக்குத்தான் முக்கியமாகச் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் எதிர்வீட்டுப் பெரியம்மா. உறவில்லை, தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். நல்ல மனுஷிதான், ஆனால் வேலைவெட்டி இல்லாதவனுக்கு வீடு விடுவதில்லை என்று சத்தியம் செய்துவைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களை அப்படித்தான் காலி பண்ணச் சொன்னார். அந்த வீட்டை விட்டால் அவசரத்துக்கு வேறு வீடு பிடிக்க எங்களுக்கு வக்கில்லை. அதனால் அப்பா வழக்கம்போல விடியற்காலையில் கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவார். போனது சாரம் பகுதியில் இரும்பும் சிமென்ட்டும் விற்கிற ஒரு கடைக்கு, மூட்டை தூக்க. மறு வருஷம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் இதை அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் காலேஜ் படிக்கும்போது ஒருநாள் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அப்பாவின் தலைமயிர் சாம்பல் பூத்திருக்கிறது என்பதும், அவர் மேல் எப்போதும் அடிக்கும் மிஷின் ஆயில் வாசனை காணாமல் போயிற்று என்பதும்தான். கம்பெனியில் ஆயில் போடாத புது மிஷின் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பழைய மிஷினைப் பற்றி அப்பாவுக்கு ஒரே புகார், அதன் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்பது. அம்மா அடுப்படியிலிருந்து நாலுதரம் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "மிஷின் சத்தத்துல காது போச்சுடி" என்பார். "பால் வாங்கிட்டு வான்னா மட்டும் ஒங்களுக்குக் காது போயிடும்" என்பாள் அம்மா.

அடுத்தது கஞ்சி. காலையில் இட்லி வேண்டாம், பழைய சோறு போதும் என்றேன். அம்மா இதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. நீராகாரத்தில் சோற்றைப் பிசைந்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும் வைத்துக் கொடுத்தாள். இதில் வந்த சிக்கல் என்னவென்றால் அது அமிர்தமாக இருந்தது. கஷ்டம் இவ்வளவு ருசியாக இருக்கலாமா என்று சந்தேகம் வந்து, மோர்மிளகாயைத் தள்ளிவைத்தேன். அப்பா அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் துறந்தபோதுதான் முதல் எதிர்ப்பு வந்தது, அதுவும் மாமாவிடமிருந்து. அம்மாவின் தம்பி. இன்னும் கல்யாணமாகவில்லை, ஞாயிறு தவறாமல் கறிக்குழம்பு வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அன்றைக்கு வந்து மூடியைத் திறந்தால் உள்ளே கத்தரிக்காய்.

"என்னாக்கா இது?"

"அவ கறி வேணாம்னுட்டா. அவ திங்காம நாங்க எப்பிடித் திங்கறது?"

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீ மகான் ஆவறதுக்கு நான் ஏண்டி பட்டினி கெடக்கணும்?"

நான் புத்தகத்தின் நீதியைச் சொன்னேன். மாமா சிரிக்கப்போனவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கத்தரிக்காயைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவரே ஒரு கையில் கறியும் இன்னொரு கையில் ரொட்டியுமாக வந்து நின்றார். "இது என்னோட பங்கு. மகானுங்க தொடக்கூடாது" என்றார். நல்லி எலும்பாகப் பார்த்து என் தட்டில் போட்டதும் அவர்தான். பிறர் கொடுப்பதை மறுப்பது ஆணவம் என்று ஏதாவது கதையில் நீதி இருக்கும் என்ற நம்பிக்கையில் தின்றேன்.

இத்தனை செய்தும் எனக்குத் திருப்தி இல்லை. நான் எதை வேண்டாமென்றாலும் உடனே சரி என்று சொல்லும் பெற்றோரை வைத்துக்கொண்டு எப்படிக் கஷ்டப்படுவது? கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஒருநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், பாயையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தெருவிளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

தெருவிளக்கில் படித்த அந்தப் பையனைக் கொசு கடித்ததாகப் புத்தகத்தில் இல்லை. என்னைக் கடித்தது. ஒரு தெருநாய் வந்து பாயின் நுனியில் படுத்துக்கொண்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னாடி இது, பொம்பளப் புள்ள தெருவுல உக்காந்துகினு? வூட்ல கரண்ட் இல்லியா? பீஸு புடுங்கிட்டாங்களா?"

குரல் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். எங்கள் வீட்டு முன்னறை வேறு இருட்டாக இருந்தது. அந்த மாதங்களில் ஆள் இல்லாத அறையில் அம்மா விளக்குப் போடுவதில்லை. பெரியம்மா அந்த இருட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, ஒன் வூட்டுக்காரரு வேலைக்குப் போறாரில்ல?"

அம்மா கையிலிருந்த துணியை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வராத வார்த்தை எனக்குத் தாராளமாக வந்தது.

"நாங்க கஷ்டப்படறோம் பெரியம்மா" என்றேன், கம்பீரமாக. "வேனை நிறுத்தியாச்சு. கறி நிறுத்தியாச்சு. காலையில பழைய சோறுதான்."

அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை பாருங்கள்.

அந்த நேரம்தான் அப்பா தெருமுனையில் திரும்பினார். நீலச் சட்டை, கையில் டப்பா. கம்பத்தடியில் நான், இடுப்பில் கையோடு பெரியம்மா, வாசலில் அம்மா. ஒரு பார்வை பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக வீட்டுக்குள் போனார். முன்னறை லைட் எரிந்தது. அப்புறம் அடுப்படி லைட். கொல்லை லைட், குளியலறை லைட், சாமி மாடத்தில் இருந்த குட்டி பல்பு. ஃபேன் சுற்றியது. டிவி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது. தேர்த் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போட்ட மாதிரி வீடு ஜெகஜ்ஜோதியாக நின்றது. அப்புறம் அப்பா ஒரு நாற்காலியையும் அன்றைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, என் பக்கத்தில் கம்பத்தடியில் போட்டு உட்கார்ந்தார்.

"புஸ்தகத்துல என்னாத்தையோ படிச்சிட்டு வந்து எங்கள ஆட்டி வெக்கிறா பெரியம்மா. தெருவெளக்குல படிச்சாதான் கலெக்டர் ஆவாளாம். ஒத்தப் பொண்ணு, என்னா பண்றது? நானும் வந்து உக்காந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

பெரியம்மா விளக்கெரியும் வீட்டையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "நல்லாக் கீதே கூத்து!" என்று சிரித்துவிட்டார். சிரித்தது மட்டுமில்லை, தன் பேரனையும் நோட்டுப் புத்தகத்தோடு துரத்திவிட்டார். "போடா, நீயும் கலெக்டர் ஆவு." அவனைப் பார்த்து மூலைவீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நாளைக்கு அந்தக் கம்பத்தடி டியூஷன் சென்டர் மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா எவ்வளவு நம்பினார் என்பது அவருக்கே வெளிச்சம். எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

எனக்கு அன்று அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டில் அத்தனை லைட்டையும் போட்டுவைத்தால் தெருவிளக்கில் படிப்பதற்கு என்ன மதிப்பு? அம்மாவிடம் போய், "லைட்டெல்லாம் தண்டமா எரியுதும்மா" என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். "எரிஞ்சிட்டுப் போவுது" என்றாள். என்னை இழுத்து அணைத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வருஷம் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். இளமையில் துன்பத்தை வென்றவர்களிடம் நாம் கற்கும் பாடம் என்பது தலைப்பு. எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. அப்பா கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, அதே நீலச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் பேசினவர்கள் ஆற்றை நீந்தினவனையும் கஞ்சி குடித்தவனையும் பேசித் தீர்த்துவிட்டார்கள். என் முறை வந்தபோது மிச்சம் ஒருவனும் இல்லை. மேடையில் மலங்கமலங்க விழித்துவிட்டு, மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பையன்களுக்கெல்லாம் கஷ்டம் தானாகவே கிடைத்தது. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் வீட்டில் கஷ்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் அப்பா எனக்குக் கஷ்டம் என்றால் என்னவென்றே காட்டியதில்லை. நான் எப்படி முன்னேறுவேன் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைப்பை விட்டு விலகிவிட்டேன் என்று நடுவர் சொல்லி, ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாவைக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் தோல்வியைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று பேரும் பழைய மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பினோம். நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா வண்டியை மெதுவாக ஓட்டினார். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "மேடையில என்னாம்மா சொன்ன? அப்பா பத்தி?" என்று கேட்டார்.

"எங்கள் அப்பா எனக்குக் கஷ்டம் என்றால் என்னவென்றே காட்டியதில்லை."

சிக்னலில் நின்றபோது மறுபடியும் கேட்டார். "எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். நெல்லித்தோப்புத் தெருவுக்குள் திரும்பும்போது மறுபடியும் கேட்டார். தோற்றுப்போன பேச்சை எத்தனை தடவைதான் சொல்லுவது? ஆனால் அப்பாவின் குரல் என்னவோ போலிருந்தது, பாவமாக இருந்தது. அந்தப் பாழாய்ப்போன மிஷின் சத்தத்தில் அப்பாவுக்குக் காது அடியோடு போய்விட்டது என்று நினைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.