கம்பி பிடிக்காத வாத்தியார்

சுரங்க ரயில் கிளம்பிவிட்டது. வாத்தியார் இன்னும் கம்பியைப் பிடிக்கவில்லை. பிடிக்கவும் மாட்டார். முதல் பெட்டியின் நடுவில் கால்களைச் சற்றே அகட்டி, தோள்பையை மார்புப் பக்கம் திருப்பிப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறார். சுற்றிலும் ஜனம் கம்பியிலும் கைப்பிடியிலும் அடுத்தவர் சட்டையிலும் தொற்றிக்கொண்டு ஆடுகிறது. இவர் மட்டும் நட்டு வைத்தது போல நிற்கிறார். அடுத்த நிலையத்தில் வண்டி நின்றதும் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்கிறார்.

"பத்துக்கு நாலு. அதுவும் பாவம் பார்த்துப் போட்டது."

இப்படி ஓட்டுநர்களுக்கு மார்க் போடுவதால்தான் அந்தப் பெட்டியில் தினமும் வருகிறவர்கள் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். மற்றபடி பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. தொழில் முடி திருத்துவது. நகரத்தின் மறு கோடியில் மைத்துனரோடு சேர்ந்து சலூன் வைத்திருக்கிறார். மார்க் போடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "சவரக்கத்தியும் பிரேக்கும் ஒண்ணுதாங்க. கை போறதே எதிராளிக்குத் தெரியக் கூடாது. இவனுங்க வண்டியை நிறுத்துற லட்சணத்துல நான் ஷேவிங் பண்ணினா, ஒருத்தர் காதோட வெளிய போக மாட்டார்."

வண்டியில் அவருக்குப் பிடிக்காத சங்கதிகள் ஏராளம். முதுகில் பையோடு ஏறுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "வீட்டையே மூட்டை கட்டி முதுகுல ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு. அவன் திரும்பினா நாலு பேரு விழணும்." இறங்கப் போவது கடைசி நிலையமாக இருந்தாலும் வாசலை விட்டு நகராத ஆசாமிகள் மீது தனிக் கோபம். நகரும் படிக்கட்டில் இறங்குவது மட்டும் நன்றாக ஓடும், ஏறுவது எப்போதும் பழுது பார்க்கப்படும். "கீழ போறதுக்கு மெஷினு, மேல வர்றதுக்கு மூட்டுவலி!" என்று முனகிக்கொண்டே ஏறுவார். பொழுதுபோக்கும் உண்டு. நெரிசல் பெட்டியில் ஓர் இருக்கை மட்டும் காலியாக இருக்கும், அதற்கு நேர் மேலே குளிர்சாதனக் குழாய் சொட்டும். புதிதாக ஏறுகிறவர் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அதில் உட்காருவார், வெற்றிப் பெருமிதத்தோடு சுற்றிலும் பார்ப்பார். வாத்தியார் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடித்து, "பாரு, இப்ப மழை வரும்" என்பார்.

இத்தனையையும் அவர் மனதில் பூட்டி வைத்துக்கொள்கிறவர் அல்லர். பெட்டிச் சுவரில் எழுதியிருக்கும் புகார் எண் அவருக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் பேசும் பெண்மணிக்கு இவருடைய கனைப்பே போதும். "சொல்லுங்க சார், இன்னைக்கு எத்தனை மார்க்கு?" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் பெற்ற ஒரே மகள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, தேர்வெழுதி, பயிற்சி முடித்து, அதே பாதையில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சீருடையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்த அன்று வாத்தியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அவர் மனைவிதான் பேசினாள். "தினமும் சோத்துக்கு முன்னாடி உட்கார்ந்து ஊர்ல இருக்கிற டிரைவரையெல்லாம் கரிச்சுக் கொட்டினீங்களே. கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கு ரோஷம் வந்துருச்சு. இப்ப திட்டுங்க பார்ப்போம்!" அவர் திட்டவில்லை. மகளின் சீருடைச் சட்டையை வாங்கித் தானே இஸ்திரி போட்டார். மடிப்பு கத்தி போல நின்றது. பிறகு சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு ரயில் ஓட்டுறா. மாட்டு வண்டி இல்ல, ரயிலு!" என்று சொல்லத் தொடங்கினார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

ஆனால் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நான் ஓட்டுற வண்டியில நீங்க ஏறக் கூடாது."

"ஏம்மா? ஊரு உலகமே ஏறுது. பெத்த அப்பன் ஏறக் கூடாதா?"

"நீங்க பின்னாடி கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்கன்னு நெனச்சாலே எனக்குக் கை நடுங்கும். நான் இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்கேன். ஒரு புகார் வந்தாலும் திரும்ப ஷெட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் காலி வண்டியைக் கழுவ முன்னாடியும் பின்னாடியும் நகர்த்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார். எந்த வேளை எந்த வண்டி என்று அவள் சொல்ல மாட்டாள், முறை வேறு மாறிக்கொண்டே இருக்கும். அறிவிப்புகளோ ஏற்கெனவே பதிவு செய்தவை. கம்பளிக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற அந்தக் குரலை வைத்து முன்னால் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. காப்பாற்ற ஆசையும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் காலையில் வண்டி நின்றது அவருக்குத் தெரியவே இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்டுத்தான் கண்ணை விழித்தார். உடம்பு சிலிர்த்துவிட்டது. "பத்துக்குப் பத்து! என் பொண்ணுதாங்க! வேற யாராலயும் இப்படி நிறுத்த முடியாது. எங்க வீட்டுக் கை!" என்று பெட்டி முழுவதும் கேட்கக் கூவினார். யாரோ கைதட்டினார்கள். கால் தரையில் பாவாமல் கடைசி நிலையம் வரை போனார். அங்கே ஓட்டுநர் அறையைத் திறந்துகொண்டு ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இறங்கினார். வழுக்கைத் தலை, கொத்து மீசை, கையில் வெற்றிலைப் பெட்டி போல ஒரு சாப்பாட்டு டப்பா. பெட்டியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வாத்தியாரே, பொண்ணு உங்க ஜாடைதான்!" என்றான் ஒருவன். வாத்தியார் தானும் சிரித்து வைத்தார். ஆனாலும் அந்தப் பத்தை ரத்து செய்யவில்லை. மார்க் விஷயத்தில் அவர் நியாயஸ்தர்.

அதற்குச் சில வாரம் கழித்து நடந்ததைத்தான் அந்தப் பெட்டிக்காரர்கள் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைக்குப் போகும் நேரம், மூச்சுவிட இடமில்லாத கூட்டம். வாத்தியார் வழக்கம்போலக் கைகளைக் கட்டிக் கண்ணை மூடி நின்றார். நிலையத்தின் வெளிச்சம் இமைகளுக்கு மேல் விழும் சமயம், காலடியில் தரை பின்னால் இழுத்தது. சக்கரங்கள் காது கிழியக் கத்தின. பெட்டியிலிருந்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பிடிமானம் இல்லாத வாத்தியார் எல்லாருக்கும் முந்தி முன்னால் பறந்து, அத்தனை காலம் தொடாத கம்பியில் நெற்றியை மோதிக் குப்புற விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். "யாரு பெத்த பிள்ளைடா இது! இதை வளர்த்தவன் எவன்டா?"

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பதிவு செய்த குரல் இல்லை, உயிருள்ள குரல். மூச்சு வாங்கிக்கொண்டே பேசியது. "பயணிகள் தயவுசெஞ்சு அவங்கவங்க இடத்துலயே இருங்க. கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க. கொஞ்ச நேரத்துல சொல்றேன்."

வாத்தியார் தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். கைக்குழந்தையாக அவர் தோளில் கிடந்து அழுத குரலை அவருக்குத் தெரியாதா?

சுற்றிலும் வசவு தொடங்கியது. எல்லாம் அவர் கற்றுக்கொடுத்த வசவு. மாட்டு வண்டி என்றார்கள், லைசென்ஸை யார் கொடுத்தது என்றார்கள். "வாத்தியாரே, இதுக்கு எத்தனை?" என்று ஒரு பெண்மணி கேட்டாள். டை கட்டிய ஒருவர் கீழே விழுந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்து பார்த்தார். திரை பாளம் பாளமாக விரிசல் விட்டிருந்தது. அதே வேகத்தில் செல்போனை எடுத்தார். சுவரில் புகார் எண் எழுதிய இடத்தைக் கூட்டம் மறைத்திருந்தது.

"அந்தப் புகார் நம்பர் சொல்லுங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே?"

"மறந்துபோச்சு" என்றார் வாத்தியார்.

"என்னது, மறந்துபோச்சா? நேத்துக்கூடப் பேசினீங்களே!"

வாத்தியார் மெல்ல எழுந்து நின்றார். மகள் தப்பு செய்துவிட்டாளா, கை நழுவிவிட்டதா, ஒன்றும் தெரியாது. நான் ஏறியதால்தான் இப்படி ஆயிற்றோ என்றுகூட ஒரு பயம் வந்தது. ஷெட்டில் காலி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும் மகள் கண்முன் நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அப்போது வந்தது.

"கொஞ்சம் பொறுங்க. ஏதாவது காரணம் இருக்கும்."

பெட்டி அவரை விநோதமாகப் பார்த்தது. தலையில் பலமாக அடிபட்டுவிட்டதோ என்று சிலர் நிஜமாகவே கவலைப்பட்டார்கள். டை கட்டியவர், "என்ன சார் காரணம்? லேப்டாப் போச்சு! உங்க மண்டையும் போச்சு!" என்றார்.

"என் மண்டைக்கு நான் பார்த்துக்கிறேன். நீங்க போனை உள்ள வைங்க. முன்னாடி என்ன நடந்துதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுவோம். நானும் சேர்ந்து திட்டுறேன்."

அதற்குள் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "ஆளு! தண்டவாளத்துல ஆளு!" என்று கத்தினார்கள். வண்டியின் மூக்குதான் நிலையத்துக்குள் நுழைந்திருந்தது. அதற்குச் சற்று முன்னால், நடைமேடை விளிம்பிலிருந்து தலைசுற்றிக் கீழே விழுந்திருந்த ஒருவரை நாலைந்து பேர் கைகொடுத்து மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு செருப்போடு நடைமேடையில் உட்கார்ந்து, ரயிலையே வெறித்துப் பார்த்தார். அவர் விழுந்த இடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு பேர் படுக்குமளவு இடம்தான் பாக்கி இருந்தது.

டை கட்டியவர் விரிசல் விட்ட திரையை மெதுவாக மூடினார். "நல்லவேளை" என்றார்.

முதல் கதவு மட்டும் நடைமேடையைத் தொட்டிருந்தது. அதைத் திறந்து ஓட்டுநரே ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினாள். தொப்பி கழன்றிருந்தது, முகம் வெளுத்திருந்தது. சற்று முன் அவளைத் திட்டியவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்து, "நல்லா இரும்மா", "புண்ணியவதி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். வாத்தியார் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்தார்.

"அப்பா! நீங்களா? ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"எனக்கு எப்படிம்மா தெரியும், நீ ஓட்டுறேன்னு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, என்ன இப்படி வீங்கியிருக்கு! என்னாலயாப்பா?"

"பின்ன? இத்தனை வருஷத்துல வேற எவனாலயாவது என்னைக் கீழ தள்ள முடிஞ்சுதா?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாத்தியார் அவள் விரல்களை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அதிகாரிகள் ஓடி வந்து அவளைக் கூப்பிடும் வரை விடவில்லை. "போ, போய் நடந்ததைச் சொல்லு. தலை நிமிர்ந்து சொல்லு" என்று அனுப்பினார். அங்கே கூட்டத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் பிடித்து, "என் பொண்ணுங்க அது" என்றார். அவர் நகர்ந்ததும் இன்னொருவரிடமும் சொன்னார்.

அன்று சலூனுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மைத்துனர் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன மச்சான் இது? யாரு அடிச்சா? வாங்க, பிளாஸ்திரி போட்டு விடுறேன். வர்றவங்க பயந்துக்குவாங்க."

"ஒண்ணும் வேணாம்."

"அட, முடியையாவது முன்னால இழுத்து விட்டுக்குங்க. மறைஞ்சுக்கும்."

வாத்தியார் கண்ணாடிக்கு எதிரே போய் நின்றார். தண்ணீர்க் குப்பியை எடுத்துத் தலையில் பீச்சினார். பிறகு சீப்பை எடுத்து, நெற்றியில் விழுந்திருந்த முடி முழுவதையும், ஒரு மயிரிழை விடாமல், பின்பக்கமாக அழுத்தி வாரிக்கொண்டார். விளக்கைப் போட்டார். காத்திருந்தவர்கள் பக்கம் நிதானமாகத் திரும்பினார்.