திரையில் மிதந்த கறுப்புப் புள்ளிகள்

ஆலங்குடியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்க்கிறேன். வேலை முடிந்ததும் அதிலேயே கேம் விளையாடுவேன். தண்ணீரிலும் கண்ணாடியிலும் வெளிச்சம் நிஜம்போலத் தெரிய ‘ரே ட்ரேசிங்’ என்றொரு வசதி கேமில் உண்டு. அதைப் போட்டால் சில நேரம் படத்தில் புள்ளிகள் மினுங்கும்.

அதனால் போன மாதம் திரையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் ‘டிரைவர்’ மென்பொருளைப் புதுப்பித்தேன். கடைசியில் ரே ட்ரேசிங்கையே அணைத்தேன். புள்ளிகள் போகவில்லை. போதாததற்கு ஓரத்தில் மின்னல்போல் ஏதோ வெட்டியது. சலித்துப்போய் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

கையில் தட்டோடு சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, “அதான் நிறுத்திட்டீங்கள்ல, இன்னும் சுவத்துல என்னத்தப் பாக்குறீங்க?” என்றாள்.

“அந்தப் புள்ளி இங்கயும் தெரியுது.”

அவள் தட்டை வைத்துவிட்டு, “கெளம்புங்க, புதுக்கோட்டைக்குப் போவோம்” என்றாள்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். “வலது கண்ணுல விழித்திரை கிழிஞ்சிருக்குங்க. விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்” என்றார். அன்றே லேசர் சிகிச்சை செய்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மனைவி அழுதுகொண்டே வந்தாள். எனக்குப் பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய புள்ளிகளில் சில இன்னும் மிதக்கின்றன. தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்க்கிறேன். புதிதாக எதுவும் சேரவில்லை என்று தெரிந்த பிறகே கேமைத் திறக்கிறேன்.