கடைசி வயலின் தலைவி

ஜெயலட்சுமி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது முதுநகரில் ஒரு கடையில் மோட்டாருக்குப் பெல்ட் வாங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய கொழுந்தனார் சேகர்தான் பேசினார். “அண்ணி காலையிலயே போயிட்டாங்க மாமா. மேல ஊருக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும்.”

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் என் ஊர், அது முடியும் கடைமடையில் அவர் ஊர். இரண்டுக்கும் பொதுவான பாசனச் சங்கத்துக்கு அவர் தலைவர். நான் உறுப்பினர். பெரும்பாலும் எதிர்த்துப் பேசிய உறுப்பினர்.

காடாம்புலியூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். “எங்கூர்ல வானத்தப் பாத்து வெதைப்போம். இங்க மேல ஊர்க்காரன் மூஞ்சியப் பாத்துல்ல வெதைக்க வேண்டியிருக்கு!” என்று என்னை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் ஏரி வற்றிய அந்த ஆண்டு, ஒரே ஒரு முறைத் தண்ணீர்தான் வரும் என்றார்கள். வழக்கப்படி அது முதலில் கடைமடைக்குப் போக வேண்டும். அக்கா இரண்டு ஊராரையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் நெடுக நடந்தார். வயல்வயலாக இறங்கிப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு, வரும் தண்ணீரில் பாதி முதலில் தலைமடைக்கு என்றார்.

சேகர் கொதித்துப்போனார். “நம்ம வயலே வெடிச்சுக் கெடக்கு அண்ணி. அவுங்களுக்கு மொதல்லியா?”

“அங்க கதிரு வெளிய வர்ற நேரம். இப்ப காஞ்சா எல்லாம் பதருதான். நம்மளுது இன்னும் தூர்தான் கட்டுது. வாடும், சாவாது.”

எங்களிடம் ஒரே நிபந்தனை போட்டார்: “மதகை நாங்க வந்து மூட மாட்டோம். நீங்களேதான் மூடணும்.”

மூட வேண்டிய காலையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்னும் அரை நாள் தண்ணீர் கேட்டு, அக்காவுக்குப் போன் செய்தார். “உங்களுக்கு அரை நாளு. எங்களுக்கு ஒரு போகம், பெரியப்பா” என்ற பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. நாங்களே மூடினோம்.

தண்ணீர் கடைமடையில் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. அவருடைய வயலுக்கு இரண்டு வயல் முன்னால் நின்றுபோனது. நான் போனபோது கருகிய பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“வருத்தமா இருக்காக்கா?”

“வயிறு எரியுது. எரியாம இருக்குமா? கடைசி வயல்னு ஒண்ணு யாருதாவது இருக்கத்தான் செய்யும். இந்த வருஷம் என்னுது.”

அடுத்த கூட்டத்தில் அவருடைய ஊர்க்காரர்களே அவரைத் திட்டினார்கள். அக்கா பதவியை விட்டு இறங்கவில்லை. சேகர் வெகுநாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவரும் அவர்தான்.

இந்த ஆண்டும் தண்ணீர் குறைவு. கூட்டத்தில் வாய் திறப்பதற்கு முன் கடைமடை வரை போய், வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது அதுதான். நான் விரும்பும் பதில் அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனாலும் போகிறேன்.