முன்பக்கம் எந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுப் பெண் கல்லாறு பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிகத் தமிழாசிரியை. நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. ஐந்து வருட அனுபவம் இல்லாதவர்களின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். அடுத்த முறை அவளுக்கு வயது கடந்துவிடும்.

வீடு இருக்கும் கரமனைக்கு வர நேரமில்லாததால் பள்ளிக் கணினியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் போனில் கூப்பிட்டாள். படிவம் என்றால் எங்கள் தெருவில் என்னைத்தான் கேட்பார்கள். அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் படிவங்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு நிரப்பவும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அன்று காலையே வழிமுறைகளை இரண்டு முறை படித்திருந்தேன். எழுதியவர் ஒரு முறையாவது படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

விண்ணப்பிக்கும் இணையதளம் ஒற்றைப் பக்கத்தால் ஆனது. கல்வி, அனுபவம், சான்றிதழ் என்று ஆறு பக்கங்கள் போலத் தெரியும். ஆனால் மேலே உள்ள முகவரி மாறாது, உள்ளே காட்சி மட்டும் மாறும். அடியில் இரண்டு அம்புக்குறிகள். ஒன்று நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி அப்பால் கொண்டுபோகும், மற்றது ஒரு படி இப்பால். எந்த அம்பிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஐந்தாம் பக்கம் வரை சிக்கலில்லை. அங்கே அவள் குரல் மாறியது.

"மாமா, சேர்ந்த வருஷத்தைத் தப்பா அடிச்சிருக்கேன். அனுபவம் ரெண்டு வருஷம்னு காட்டறது."

"பதறாதே. முன்பக்கம் போய்த் திருத்து."

கோப்பில் 'முன்பக்கம் காண்க' என்றால் ஏற்கெனவே எழுதி முடித்த பக்கம். பணிக்காலம் முழுவதும் யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. கோப்பு எழுதாதவர்களுக்கு அது வேறு பக்கம் என்பதை நான் யோசிக்கவில்லை.

"முன்னே போயாச்சு மாமா. பச்சைப் பொத்தான் ஒண்ணு வரது. உறுதிசெய்னு."

அது ஆறாம் பக்கம். அதை அழுத்தினால் அப்புறம் திருத்த முடியாது என்று வழிமுறை சொல்லியிருந்தது.

"தொடாதே! பின்னாலே வா."

"எந்த அம்பு? மேலே ஒண்ணு இருக்கே, அதுவோ?"

அது தளத்தின் அம்பு அல்ல, உலாவியின் அம்பு. அதற்கு உள்ளே இருக்கும் ஆறு பக்கங்களைத் தெரியாது. இந்தத் தளத்துக்கு முன்பு எங்கே இருந்தாள் என்பதுதான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அழுத்திவிட்டாள்.

"எல்லாம் போச்சு. பேரு, பாஸ்வேர்ட் கேக்கறது."

மணி நாலே கால். உள்ளே போய்ப் பார்த்தாள். எல்லாக் கட்டங்களும் காலி. சேமிப்பதைப் பற்றி வழிமுறையில் ஒரு வரியும் இல்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கப்படாது."

"சொல்லு."

"இனி முன்னே பின்னே ஒண்ணும் சொல்லண்டாம். பக்கத்துப் பேரை மட்டும் சொல்லுங்கோ. எப்படிப் போறதுன்னு நான் பாத்துக்கறேன்."

"சரி."

"நீங்க நிக்கற எடம் வேற, நான் நிக்கற எடம் வேற, அல்லே?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் வேலை பெயர் சொல்வது மட்டும்தான். கல்வி என்றேன். அனுபவம் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சான்றிதழ்ப் படம் ஒன்று ஏற மறுத்தபோது மலையாளத்தில் எதையோ முணுமுணுத்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வார்த்தை இல்லை அது. நான் கேட்காததுபோல் இருந்தேன்.

பச்சைப் பொத்தான் திரும்ப வந்தபோது ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அழுத்துவதற்கு முன் அனுபவத்தை ஒரு முறை பார்த்துவிடு என்றேன்.

"பாத்தாச்சு."

"வாசி."

"அனுபவம், ஆறு வருஷம். இப்போ அழுத்தட்டுமா, இல்லை இதுக்கும் ஒரு கோப்பு வேணுமா?"

அழுத்தச் சொன்னேன். பிறகு விண்ணப்ப எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். நான் எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டினேன். சரி என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தாள்.