கோமளாவைக் கொன்றது தண்ணீர் அல்ல

காலடிப்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ரவியிடமிருந்து போன் வந்தது. ரவி, கோமளாவின் கணவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. "கீதாம்மா, கோமளா பூட்டா" என்றார். "எங்க பூட்டா?" என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில், எங்கள் கன்டெய்னர் யார்டுக்குத் திரும்பும் முனையில், ஒரு டிரெய்லர் லாரி சிக்னல் போடாமல் இடதுபக்கம் ஒடித்தது. லாரிக்கும் ஓரத்துச் சுவருக்கும் நடுவில் அவளுடைய ஸ்கூட்டர் இருந்தது.

மதியத்துக்குள் போனில் வேறொரு கதை சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போன பெண் இறந்துவிட்டாள் என்று யாரோ எழுதி, யாரோ பூப்படம் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் ஒருவர் என்னிடமே, "கல்குவாரியில முழுகிட்டாங்களாமே?" என்று விசாரித்தார். இதை நான் எழுதுவது அதற்காகத்தான். யார்டில் அவளோடு வேலை செய்தவர்களே, குப்பத்து ஜனங்களே, கேட்டுக்கொள்ளுங்கள். கோமளா அந்தக் குவாரியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. போவதற்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தின வாரமே அவளை ரோடு கொன்றுவிட்டது.

அவள் திருவொற்றியூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் செல்வம் இப்போதும் போகிறவர். அவள் படித்து, எங்கள் யார்டில் பெட்டிகளைச் சரிபார்க்கும் சூப்பர்வைசராக வந்தாள். ஒருமுறை கடலில் எண்ணெய் வந்து படிந்தது. செல்வத்தின் வலை முழுக்கக் கறுப்புப் பசை. கரையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டு அதைத் துடைக்கப் போன கோமளா, மறுநாள் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக வேலைக்கு வந்தாள். "நம்ம கடலு கீதுல்ல, அதுக்குள்ள இன்னா இருந்துச்சுன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லடி. பாக்குறதுக்குள்ள கலீஜ் பண்ணிட்டானுங்க" என்றாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் போகும் ஸ்கூபாவைப் பற்றி அவள் விசாரிக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

பயிற்சி தரும் இடத்துக்கு என் எதிரில்தான் போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டு. பேசியது ஒரு இளம் பயிற்சியாளர். முதல் பயிற்சி கடலில் கிடையாது, செங்கல்பட்டுப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில்தான் என்றார். மழைநீர் தேங்கி ஏரி மாதிரி இருக்கும், அலை கிடையாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார்.

"எங்க வூட்டு வாசல்லயே கடல் கீது தம்பி. நாங்க கல்லுக்குட்டைக்கு வரணுமா?" என்று கேட்டாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கத்துக் கடல்ல கைய நீட்டினா கையே தெரியாது."

போனை வைத்தாள். அந்தப் பையன்மேல் கோபமா என்று கேட்டேன். "அவன் மேல இன்னாத்துக்குக் கோவம்? அவன் சொன்னது நெசம். அதான் பத்திகினு வருது" என்றாள். அனல் மின் நிலையச் சாம்பலையும் எண்ணெயையும் சாக்கடையையும் கடலில் விட்டவர்கள் யாரும், நாங்கள் ஏன் கல்லுக்குட்டைக்குப் போகவேண்டும் என்ற அவள் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கடற்கரையில் பிறந்தவள், தண்ணீருக்குள் எட்டிப் பார்க்க ஊர் தாண்டிப் போகவேண்டும். அந்தக் கோபத்தோடுதான் நாங்கள் திட்டம் போட்டோம். அவள், நான், எங்கள் கணக்குப் பிரிவு நூர்ஜஹான்.

மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். நான்தான் உடன் போனேன். டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?" என்றார். கோமளா சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "டாக்டர், காது நல்லா கீதான்னு, நெஞ்சு நல்லா கீதான்னு, அத்த மட்டும் பாருங்க. வூட்டுக்காரரை நான் பாத்துக்கறேன்." அந்த வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில், பயிற்சிக்கு வேன் பிடிக்க யாரிடமோ போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் செல்வம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் இருந்தபோதே கத்தினார். "குவாரித் தண்ணில வருசா வருசம் பசங்க சாவறானுங்க. நீ போய் இன்னா பண்ணப் போற? பொட்டச்சிக்குத் தண்ணில இன்னா வேல?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீ கடலுக்குப் போற அன்னிக்கெல்லாம் அம்மாவும் நானும் வயித்துல நெருப்பக் கட்டிகினு உக்காந்துகினு இருந்தோம். ஒரு நாளாவது போவாதன்னு சொன்னமா? எனக்காக ஒரு நாள் நீ பயந்துகினு இரு. ஒண்ணும் கொறஞ்சிட மாட்ட."

செல்வம் அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

யார்டில் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. காதுக்குள் அழுத்தம் சேராமல் இருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிப் பழகுவோம். கேன்டீனில் மூன்று பேரும் மூக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தால், "மீன் கவுச்சி அடிக்குதா?" என்று கேட்டவர்கள் உண்டு. நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். ஒருநாள் ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்ததற்காக மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "மேல போவலாமா சார்? பிரமோஷனா?" என்று கேட்டாள். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அவளுக்குத் தண்ணீரைவிட ரோட்டின்மேல்தான் பயம். ஒருமுறை எங்கள் வாசலில் தப்பான பக்கத்தில் ஏறி வந்த டிரெய்லரின் முன்னால் போய் நின்றுவிட்டாள். டிரைவர் வடக்கத்திக்காரர். கண் இரண்டும் சிவந்து, ஸ்டியரிங் மேலேயே தலை சாய்ந்துகொண்டிருந்தது. துறைமுக வாசலில் வரிசையில் நின்று நின்று தூங்கவே இல்லையாம். அவரை இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து, நிழலில் படுக்கச் சொன்னாள். பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினாள். "தூங்காத ஆளு கைல இம்மாம் பெரிய வண்டியக் குடுத்து, இஸ்கூலு விடற நேரத்துல ரோட்டுல வுட்டா, அது ஆக்சிடென்டா சார்? நீங்களே சொல்லுங்க, இன்னா பேரு அதுக்கு?" அவளை இடித்த டிரைவரும் தூங்கியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நிறுத்தியவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் போகிறேன் என்றபோது ஆபத்து ஆபத்து என்று பதறாத ஆள் இல்லை. தினமும் காலையில் அந்த ரோட்டில் ஸ்கூட்டரை எடுத்தபோது ஒருவர்கூட ஆபத்து என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண் சாகலாம், ஆசைக்குப் போகிற பெண் மட்டும் சாகக்கூடாது என்று இருக்கிறது நம் நியாயம்.

சாவு வீட்டில் பந்தலுக்கடியில் ஒரு பெரியவர், "தண்ணி ஆசை வுடுமா? வேற ரூபத்துல வந்து இட்டுனு பூடுச்சி" என்றார். நான் எழுந்தேன். அதற்குள் செல்வம் எழுந்துவிட்டார். "தண்ணியா கொன்னுச்சு? நாப்பது வருசமா தண்ணில கீறேன் நானு. என் தங்கச்சியக் கொன்னது ரோடு. லாரி. வாய மூடிகினு குந்து" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் குட்டைக்கு எப்போ போறீங்க?" என்று கேட்டார். போகப் போவதில்லை என்றேன். "போங்க. நானும் வரேன்" என்றார்.

காரியம் முடிந்த பிறகு போனோம். ரவியே வேனை ஓட்டினார். பயிற்சியாளர் நல்ல பையன். விஷயம் தெரிந்து, எங்கள் சிலிண்டர்களைத் தானே தூக்கிவந்து கட்டிவிட்டார். நூர்ஜஹானும் நானும் இறங்கினோம். கரைப் பாறையில் செல்வம் குந்தியிருந்தார். ஆழக்கடலுக்குப் போகிற மனிதர், நாங்கள் முழுகியதும் எழுந்து நின்றவர், மேலே வரும்வரை உட்காரவே இல்லை என்று ரவி பின்னால் சொன்னார்.

உள்ளே என் கை தெரிந்தது. விரல் நுனியின் சுருக்கம்கூடத் தெரிந்தது. எதிரே பாறையில் உளி இறங்கிய தடங்கள் வரிசையாக இருந்தன. விரல் நீளத்தில் ஒரு மீன் வந்து என் முகமூடிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் அங்கே இருந்தது. அதைப் பார்க்க அவள் எத்தனை பேருக்குப் பதில் சொன்னாள் என்று நினைத்தபோது முகமூடிக்குள் அழுதேன். தண்ணீருக்குள் அழக்கூடாது, முகமூடி நிறைந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ரவி அவளுடைய புடவை ஒன்றை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், ஆனால் கட்டுவேன் என்று தோன்றவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவளுடைய கோபம். அதற்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. நேற்று மேனேஜர் அறைக்குப் போனேன். அவள் செத்த அந்த முனையில் காலை நேரத்தில் லாரிகளை நிறுத்தித் திருப்ப ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா கீதா, நீங்களும் கோமளா மாதிரி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.