தேசம்மா சுத்தம் செய்த பட்டாம்பூச்சி மனை

பழவேற்காடு என்றால் எல்லோரும் பூநாரை பார்க்கத்தான் கிளம்புவார்கள். நான் இரண்டு முறை போனதும் பட்டாம்பூச்சிக்காக. போன வருடம் மழைக்காலத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். மதிலை ஒட்டிய காலி மனையில் தேள்கொடுக்குச் செடியும் எருக்கும் இடுப்பளவு வளர்ந்து கிடந்தன. செடிக்குச் செடி நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களுமாகப் பட்டாம்பூச்சிகள் மொய்த்திருந்தன. தேள்கொடுக்கின் காய்ந்த தண்டில் ஊறும் சாறு இல்லாமல் அந்த ஆண் பூச்சிகளுக்கு இணை தேட முடியாது. அதற்காகத்தான் அத்தனை கூட்டம்.

மனை தேசம்மாவுடையது. கோட்டைக்குப்பத்தில் மீன் வியாபாரம் செய்பவர். அன்று எனக்கு மதியச் சாப்பாடு போட்டவரும் அவர்தான். “பூச்சி பாக்கவா சார் இம்மாந்தூரம் வந்தீங்க?” என்று சிரித்தார். எங்கள் சென்னைக் குழு மாதம் ஒருமுறை இருபது பேராக இப்படிக் கிளம்பும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. “அவங்கள்லாம் எங்க சாப்புடுவாங்க?” என்று கேட்டார். ஏரியில் இறால் குறைந்துகொண்டே போகும் ஊரில் அது நியாயமான கேள்வி. மழைக்காலம் முழுக்க மாதாமாதம் இருபது இலை போட்டால் வீட்டுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

ஆகவே இந்தக் கார்த்திகையில், தேசம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சேகரை அழைத்துப் போனேன். எங்கள் குழு எங்கே போவது என்று முடிவு செய்பவர் அவர்தான். சென்னை சென்ட்ரலை ஒட்டிய நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். சேகர் அப்போதுதான் ஸ்பெயின் போய்விட்டு வந்திருந்தார். பொன்னேரி வரைக்கும் ஸ்பெயின்தான். அங்கே ஒரு மலைக்கிராமத்தில் பூவெல்லாம் முடிந்த பிறகுதான் புல்லை அறுக்கிறார்களாம், அதனால்தான் அத்தனை வகைப் பூச்சிகளாம். “நம்ம ஊர்ல யாருக்கு இது புரியும்?” என்றார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு தெனாவட்டு.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே, துணி வாங்க வந்து ஊர் திரும்பாதவர்களின் பெயர்களும் கப்பல்களும் கல்லில் இருக்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்குங்கள், அது போதும். சேகரை அவசரப்படுத்தி மதிலுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனேன்.

மனை மொட்டையாக இருந்தது. ஒரு செடி இல்லை. மணலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நடுவில் கோலம் போட்டு, பந்தல் கட்டி இருபது நாற்காலி அடுக்கியிருந்தார்கள். மூலையில் சாம்பல் மேடு. தேசம்மா புதுப்புடவையில் வந்தார்.

“இன்னா சார், எப்டி கீது? போன வாட்டி முள்ளுலயும் குப்பையிலயும் நின்னுக்கினு பாத்தீங்களே, எனக்கே ஒரு மாதிரி ஆய்ப்போச்சு. பாம்பு கீம்பு இருக்கும்னு எங்க ஆளு, மச்சினருங்க எல்லாம் சேந்து கெல்லி எடுத்து கொளுத்திட்டாங்க. அன்னிக்கு எங்க பாடு சார். அத வுட்டுட்டு வந்தாங்க.”

பாடு என்பது ஏரியில் முறை வைத்து வலை கட்டும் வழக்கம். தவறவிட்டால் போனது போனதுதான், முறை மறுபடி சுற்றி வரும்வரை கை கட்டி உட்கார வேண்டும். வெட்டியதை அப்படியே போட்டிருந்தால்கூடக் காய்ந்த தண்டுக்குப் பூச்சிகள் வந்திருக்கும். எரித்துவிட்டார்களே!

வேலியில் மாட்டி எரியாமல் தப்பிய தேள்கொடுக்கு ஒரு பிடி இருந்தது. அதில் நான்கு நீல வரியன்கள். “தோ, வந்துட்டுதே!” என்று தேசம்மா கைதட்டினார். சேகர் என்னைப் பார்த்தார். நான் பந்தலைப் பார்த்தேன்.

நண்டுக் குழம்பு பிரமாதம். சாப்பாட்டுக்கு நடுவே “வர்ற மாசம் எத்தினி பேர் சார்?” என்று தேசம்மா கேட்டார். சேகர் “சொல்றோம்மா” என்றார். அந்த “சொல்றோம்” எனக்குப் பழக்கம், வரமாட்டோம் என்றுதான் பொருள். பொறுக்க முடியாமல் நானே சொன்னேன், அந்தப் பூச்சிகள் வந்ததே அந்தச் செடிக்குத்தான் என்று.

தேசம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “அந்த நாத்தம் புடிச்ச செடிக்கா?” பிறகு மெதுவாக, “வர்றவங்க உக்கார எடம் வேணுமேன்னு பாத்தேன் சார்” என்றார். எழுந்து போய் வேலியிலிருந்த அந்த ஒரு பிடியைப் பூச்சி கலையாமல் எடுத்துவந்து கோலத்தின் நடுவில் வைத்தார். “இங்க போட்டா வெத வுழுந்து மொளைக்கும் இல்ல?” முளைக்கும் என்றேன். உண்மைதான், ஆனால் இந்தப் பருவத்துக்கு ஆகாது.

எங்கள் குழு இந்த வருடம் வேறு ஏரிக்குப் போகிறது. நீங்கள் போவதானால் ஐப்பசி, கார்த்திகையில், மழைவிட்ட காலையில் போங்கள். பேருந்து நிலையத்திலிருந்து கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம்தான். தேசம்மாவுக்கு முந்தின நாளே ஆள் கணக்கு சொல்லிவிட வேண்டும். மறக்காமல் இதையும் சொல்லுங்கள்: நமக்காக ஒரு செடியையும் தொட வேண்டாம். அன்று திரும்பும்போது பேருந்து ஏற்றிவிட வந்த தேசம்மாவிடம், உங்கள் பாடு மறுபடி எப்போது வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே ஏறிக்கொண்டேன்.